போன சாமான், வந்த சாமான்

ஜூன் 24, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே தகரக் கூரையில் வெயில் ஏறிவிட்டது. இறக்க ஒரு லோடு, ஏற்ற ஒரு லோடு.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று போன தீபாவளிக்கே சொன்னவன் நான். எழுதியும் வைத்திருந்தேன், அந்த நோட்டு சுண்டல் மடிக்கப் போய்விட்டது. சென்னையிலிருந்து ஒருநாள் நம் கல்பனாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றேன். சிரித்தார்கள். இன்று கூப்பிட்டுவிட்டார்கள்.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். கல்பனா என் அக்கா மகள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர். (இனிமேல் க. என்றே எழுதுகிறேன், மை மிச்சம்.) காதர் பாய் கடையில் பின்கட்டு பாத்திரம் வாடகை, முன்கட்டு இன்டர்நெட், இரண்டு கம்ப்யூட்டர். பின்னால் நான், முன்னால் அவள். மொத்தக் கடையும் எங்கள் குடும்பத்தின் தோளில்தான் நிற்கிறது.

பத்தரைக்கு மச்சான் ஏகாம்பரம் வந்தார். க.வின் அப்பா, மானாம்பதியில் நெல். பெஞ்சில் உட்காரக்கூட இல்லை.

"அட்த்த வெள்ளிக்கெழம திருமுக்கூடல்லேர்ந்து தாம்பூலம் மாத்த வர்றாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சாவணும். கம்ப்யூட்டரு கடைக்குலாம் பொண்ணு போவக்கூடாதுன்றாங்க. இன்னியோட நிறுத்திக்கோ."

க. அழவில்லை. பையிலிருந்து பேப்பர் விளம்பரத் துண்டு ஒன்றை எடுத்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வருகிற திங்கள் நேரில் வரலாம். தானே செய்த வெப் பக்கம் ஒன்று, டேட்டாபேஸ் வைத்தது, கையோடு கொண்டுவர வேண்டும்.

"ஒரே ஒரு தபா போய்ப் பாத்துட்டு வர்றேன்பா. கெடைக்கலன்னா நீ சொல்றத கேக்கறேன்."

"பேப்பர்ல ஊருக்கே போட்டுக்கீறான். உன் பேரு போட்டுக்கீறானா? வெத்தல பாக்கு வெச்சி, பேரு சொல்லிக் கூப்புடாத வூட்டுக்கு நான் கல்யாணத்துக்கே போறதில்ல. பொண்ண அனுப்புவனா?"

மச்சான் அப்படித்தான். பத்திரிகையைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொந்தத் தம்பி மகன் கல்யாணத்துக்கே போகாதவர்.

க. பையை மாட்டிக்கொண்டாள். தொலைபேசி ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். குடையை மறந்தாள்.

கால் மணி இருக்கும். வண்டியிலிருந்து அண்டா இறக்குகிறார்கள். போன் அடித்தது. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. என் காது அப்படி. எடுத்தேன். சென்னை சார்! பெரிய வெண்கல அண்டாவை விரலால் சுண்டின மாதிரி குரல். "உத்திரமேரூர் கல்பனாங்களா?" என்றார். "மாமன் பேசுகிறேன்" என்றேன். பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். சாருக்கு நல்ல இருமல், பாவம். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். மனுஷர் உருகிவிட்டார். "கல்பனாவைத் திங்கட்கிழமை கட்டாயம் அனுப்புங்கள்" என்று மூன்று தரம் பேர் சொல்லிச் சொன்னார்.

மச்சான் முழுக்கப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பேரு சொன்னாரா?"

"மூணு தபா, மச்சான்."

அப்போதுதான் உட்கார்ந்தார். டீ வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "திங்கக்கெழம வரைக்கும் டைமு. கூப்ட்டுட்டாங்க, போய்ட்டு வரட்டும். வேல இல்லன்னுட்டாங்கன்னா வெள்ளிக்கெழம தாம்பூலம். அப்பால நீ ஒண்ணும் பேசக்கூடாது."

பாய் கல்லாவிலிருந்து ஒரு மாதிரி பார்த்தார். "தணிகாசலம், நம்ம போனு ரொம்ப நல்ல போனுப்பா" என்றார். உண்மைதான். பழைய காலத்துக் கறுப்புப் போன். உழைப்பு.

ஜூன் 25, புதன்

புழுக்கம். ஜமக்காளம் ஒன்றை எலி கடித்துவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும். முன்கட்டில் ஈ ஓட்டுகிறார்கள். திங்கட்கிழமை பஜார் தெருவில் குழி தோண்டினவன் கேபிளை அறுத்துவிட்டுப் போனதிலிருந்து இன்டர்நெட் இல்லை.

க.வுக்கு அதனால் பேஜார். சந்தேகம் வந்தால் இன்டர்நெட்டில்தான் கேட்பாளாம். இப்போது கையில் இருப்பது பிஹெச்பி என்று ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் மட்டும். நடுவில் பக்கங்கள் இல்லை. பிஹெச்பி என்றால் டேட்டாபேஸில் இருப்பதை எடுத்து வெப் பக்கத்தில் போடுகிற பாஷை. எனக்கு அரை நாளில் பிடிபட்டுவிட்டது.

என்ன பக்கம் செய்கிறாள் என்றால், நம் கடை! என் சாமான் லிஸ்ட்! நாற்பத்து மூன்று வகை. நான் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அண்டா பெரியது, அண்டா சின்னது, குண்டான், இருப்புச் சட்டி, ஜல்லிக்கரண்டி, சாம்பார் வாளி, தாம்பாளம். மூலையில் என் போட்டோ ஒன்று போடலாம் என்றேன். "சாமானு லிஸ்ட் மாமா இது" என்றாள்.

பக்கம் எப்படி என்றால், மேலே எல்லாச் சாமானும் கட்டம் கட்டி வரும். கீழே ஆர்டர் கொடுக்க ஒரு பெட்டி. அதை அமுக்கினால் அதே நாற்பத்து மூன்றும் வரிசையாக இறங்கும், வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம்.

மேலே வந்தது. பார்க்கக் கண் நிறைந்தது. கீழே பெட்டியை அமுக்கினால் காலி. ஒன்றுகூட இல்லை.

"தப்பா எழுதியிருப்பே."

"தப்புன்னா கத்தும் மாமா. எந்த வரின்னு சொல்லித் திட்டும். இது கத்தவே இல்ல. கம்முனு கீது."

சாயங்காலம் வரை பார்த்தாள். மேலே எழுதின அதே வரிதான் கீழேயும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தோம். ஒத்துப் பார்த்தது அவள், கூட நின்றது நான்.

டீக்கடையில் கேட்டார்கள். அமெரிக்காவுக்கு ஒரு பக்கம் செய்கிறோம், முக்கால்வாசி முடிந்தது என்றேன். "எந்த அமெரிக்கா?" என்றான் டீ மாஸ்டர். எத்தனை அமெரிக்கா இருக்கிறது?

வீட்டில் கீரை.

ஜூன் 26, வியாழன்

காற்று. தெருவில் தோண்டின மண்ணெல்லாம் கடைக்குள். மானாம்பதிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு லோடு போனது.

க. காலையில் ஒரு வேலை செய்தாள். மேலே இருக்கிற கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கீழே பெட்டி நிறைந்து வந்துவிட்டது! நாற்பத்து மூன்றும். சரி என்று மேலே கட்டத்தைத் திரும்ப வைத்தாள். கீழே காலி. எடுத்தால் வருகிறது. வைத்தால் போகிறது. ஒரே அடுப்படியில் நிற்க மாட்டேன் என்கிற இரண்டு ஓரகத்திகள் மாதிரி. இதைச் சொன்னேன். க. கொஞ்சம் சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு. குறித்து வைக்கிறேன்.

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். க்வெரி என்றால் குடோனுக்கு ஆளை அனுப்பி லிஸ்ட் வாங்கி வரச் சொல்வது. லூப் என்றால் அந்த லிஸ்டை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போவது, வரி தீர்ந்தால் நிறுத்திக்கொள்வது. இங்கே ஆளை ஒரு தடவைதான் அனுப்பினாள். லிஸ்டை இரண்டு தடவை படிக்கச் சொல்கிறாள். முதல் தடவை படிக்கிறது. இரண்டாம் தடவை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

மத்தியானம் ஆளை இரண்டாம் தடவையும் குடோனுக்கு அனுப்பிப் பார்த்தாள். மேலேயும் வந்தது, கீழேயும் வந்தது. "முடிஞ்சிதுடி" என்று நான் துண்டை உதறினேன். அவள் முகம் மாறவில்லை.

"நம்ம கடையில நாப்பத்தி மூணு. பெரிய எடத்துல லட்சக்கணக்குல இருக்கும். அதே லிஸ்டுக்கு ரெண்டு தபா ஓட சொல்லுவியா? ஏன் அப்டி பண்ணேன்னு கேப்பாங்க மாமா. ஏன் வரலன்னே தெரியாம நான் இன்னா பதிலு சொல்றது?"

"கேட்டா நான் சொல்றேன்."

"இன்னா சொல்லுவ?"

யோசித்துக்கொண்டிருக்கும்போது பாய் கூப்பிட்டுவிட்டார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை அவள். வீணாகிவிடும் என்று நானே சாப்பிட்டேன். புளிக்குழம்பு, அக்கா கைப்பக்குவம்.

அக்காவிடமிருந்து ஆள் வழியாகச் செய்தி: திருமுக்கூடல்காரர்கள் எத்தனை பேர் வரலாம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். மச்சான் திங்கள் கழித்துச் சொல்கிறேன் என்றாராம். சொன்ன சொல் தவறமாட்டார், இரண்டு பக்கமும்.

ஜூன் 27, வெள்ளி

இன்று எழுத நிறைய. நாஷ்டா கூட இல்லாமல் ஆரம்பித்த நாள்.

நேற்றுப் போன லோடு திரும்பி வந்தது. என் வேலை முறை ஊரில் எவனுக்கும் கிடையாது, எழுதி வைக்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். நோட்டில் ஒரே லிஸ்ட். சாமான் போகும்போது முதல் வரியில் விரல் வைத்து உரக்கப் படிப்பேன், "அண்டா பெரிசு!" ஏற்றுகிறவர்கள் "கீது!" என்பார்கள். விரல் இறங்கும். கடைசி வரிவரை அப்படியே. இது போன சாமான். திரும்பி வரும்போது அதே லிஸ்ட், அதே விரல், அதே சத்தம். இது வந்த சாமான். "கீது" வராத வரியில் விரல் நிற்கும், வண்டியும் நிற்கும்.

க. தலை சூடாகிவிட்டது என்று பின்கட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். நான் நோட்டைக் கையில் எடுத்தேன்.

பாய் கல்லாவிலிருந்து கத்தினார். "பாத்துப்பா! மொத பக்கத்துக்கு திருப்பிட்டியா? மானாம்பதி கத ஆயிடப்போவுது!"

"மானாம்பதில இன்னா பாய் கத?" என்றாள் க.

"அது பழைய கணக்குப்பிள்ளை பண்ணது" என்றேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் அப்படித்தான் சொல்வேன்.

"எந்த கணக்குப்புள்ள? பாஞ்சி வருஷமா இந்தக் கடையில ஒரே கணக்குப்புள்ள நீதான?" பாய் எழுந்தே வந்துவிட்டார். "கேளும்மா. உங்கப்பா ஊரு கல்யாணம். உன் மாமன் போன சாமானு கணக்கா படிச்சான், கடசி வரில வெரலு நின்னுச்சி, நோட்ட அப்டியே தொறந்தபடி வெச்சிட்டான். மறுநாளு வந்த சாமானு. கல்யாண வூட்டு தூக்கம் கண்ணுல. நோட்ட எடுத்தான், வெரலு வெச்சிருந்த எடத்துலேர்ந்தே பாத்தான். அதுக்கு கீழ இன்னா கீது? வெள்ள பேப்பரு. 'படிக்க ஒண்ணும் இல்ல, எல்லாம் வந்துட்ச்சி, வண்டிய எடு'ன்னான். அண்டா மூணும் அடுப்பு மேலயே நிக்குது!"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"ஒருத்தரும் சொல்லலியா பாய்?"

"எவன் சொல்லுவான்? ஒரு பேரு படிச்சி அது இல்லன்னாதான சத்தம் வரும்? இவன் ஒண்ணுமே படிக்கல. கம்முனு வந்துட்டாங்க."

க. படியிலிருந்து எழுந்தாள். "கம்முனு..." என்றாள். "கடசி வரிலியே நிக்குது. மாமா, அது கடசி வரிலியே நிக்குது!" உள்ளே ஓடினாள். செருப்பு ஒன்று படியிலேயே.

ஜெராக்ஸைப் புரட்டிப் புரட்டி, கிழிந்த பக்கம் ஒன்றில் பிடித்துவிட்டாள். டேட்டா சீக் என்று ஒரு கட்டளை. லிஸ்டின் எந்த வரியில் விரல் வைக்கவேண்டும் என்று சொல்வது. முதல் லூப் முடிந்த இடத்துக்கும் இரண்டாம் லூப் ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரி எழுதினாள். சுழியில் வை. கம்ப்யூட்டருக்கு முதல் வரி ஒன்று இல்லையாம், சுழியாம், பூஜ்யம். இருக்கட்டும், ஊருக்கு ஊர் வழக்கம்.

மேலே நாற்பத்து மூன்று. கீழே பெட்டியை என்னை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். இறங்கிக்கொண்டே போகிறது. ஜல்லிக்கரண்டியைத் தொட்டேன்.

"கீது" என்றாள் க.

பதினைந்து வருஷமாக அந்த மூன்று அண்டாவை வைத்து என்னைக் கேலி பண்ணுகிறார்கள். இன்றோடு அந்தக் கேலி செல்லாது. அன்று நான் அதை விட்டுவிட்டு வராவிட்டால் இன்று இந்தப் பெண் எங்கே போய்க் கேட்டிருப்பாள்? ஒருவேளை தெரிந்தேகூட விட்டிருப்பேன்.

ஜூன் 28, சனி

காலையில் நாலு தூறல். மண் வாசனை மட்டும்.

க. விடமாட்டாள் போலிருக்கிறது. "லிஸ்டே காலியா இருந்தா?" என்று எல்லாச் சாமானையும் அழித்துப் பார்த்தாள். நான் பாய்ந்து என் நோட்டைப் பிடித்துக்கொண்டேன். (நகல் வைத்திருக்கிறாளாம்.) கம்ப்யூட்டர் கத்தியது. நீளமாக ஒரு திட்டு.

"அன்னிக்கி கத்தல, இன்னிக்கி கத்துதே."

"வெள்ள நோட்டு குடுத்து மொத வரில வெரல் வெய்யின்னா நீ கத்தமாட்டியா மாமா?"

கத்துவேன். நியாயம். அதனால் முதலில் சாமான் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் விரலை மேலே கொண்டுபோ, இல்லாவிட்டால் "இன்று சாமான் எதுவும் இல்லை" என்று மரியாதையாகச் சொல் என்று எழுதிவிட்டாள். பக்கத்தை ஃபிளாப்பி இரண்டில் ஏற்றிக்கொண்டாள். ஒன்று கெட்டால் ஒன்று.

நாலு மணிக்கு மச்சான். வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"திங்கக்கெழம நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு மச்சான் அலையணும், நான் கீறேன் இல்ல."

"பேரு சொல்லி கூப்ட்ட மனுஷன். நேர்ல பாத்து ரெண்டு வார்த்த பேசறதுதான மரியாத? இருமலு எப்டி கீதுன்னும் கேக்கணும்."

மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். சித்தரத்தை. காஞ்சிபுரம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினாராம். நல்ல உருப்படி.

க. என்னைப் பார்த்தாள். நான் ஜமக்காளத்தைப் பார்த்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வெயில். பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. இறங்கவில்லை. "பிரியாணிக்கே இப்டின்னா டாக்டரத்தான் பாக்கணும்" என்றாள் என் வீட்டுக்காரி.

மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன்: எனக்கு வயிற்று வலி, சாரை இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளலாம். பதில் வந்தது: "அவன் வராட்டி போறான், நான் போறேன்."

பெருமாளுக்குத் தேங்காய் ஒன்று நேர்ந்துகொண்டேன். பிறகு இரண்டாக்கினேன்.

ஜூன் 30, திங்கள்

முதல் பஸ். ஜன்னல் ஓரம் க., நடுவில் மச்சான், ஓரத்தில் நான். சித்தரத்தை மச்சான் மடியில். வழி நெடுக "சாரு வயசு இன்னா இருக்கும்? எந்த ஊரு?" வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஐம்பத்தைந்து என்றேன். பூர்வீகம் திருப்புட்குழிப் பக்கம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆபீஸ் மாடியில். காத்திருந்தவர்கள் இருபது பேர். (முதலில் இருநூறு என்று எழுதினேன், அடித்துவிட்டேன்.) எல்லாரும் இங்கிலீஷ். க. தாவணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார்கள். பிளைவுட் தடுப்புதான், எல்லாம் கேட்டது.

உள்ளே இருந்தது ஒரு அம்மா. முப்பத்தைந்து வயசு இருக்கும். சார் என்று ஒருவருமே இல்லை.

ஃபிளாப்பி போட்டார்கள். பிறகு அந்த அம்மா, "ரெண்டு எடத்துல லிஸ்ட் காட்டறீங்க, க்வெரி ஒண்ணுதான் இருக்கு. ரெண்டாவதா இன்னொரு தடவை ஓட்டியிருக்கலாமே?"

"நோட்டு ஏற்கெனவே கையில இருக்கு மேடம். படிச்சி முடிச்சி கடைசி வரில நிக்குது, அவ்ளோதான். மொதல் வரிக்குத் திருப்பினா போதும். அதே லிஸ்டுக்கு இன்னொரு தடவ குடோனுக்கு ஏன் போவணும்?"

"திருப்பலன்னா?"

"கத்தாது மேடம். எல்லாம் வந்துட்ட மாதிரி கம்முனு இருக்கும். அதான் ஆபத்து. அண்டா அங்கயே நின்னுடும்."

அந்த அம்மா சிரித்தது கேட்டது. அப்புறம் தட்டச்சு சத்தம். "இப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டேன். பக்கத்தைத் திறங்க."

மச்சான் என் கையைப் பிடித்தார். "அழிச்சிட்டாங்களாமே? போச்சா?"

உள்ளே அந்த அம்மா உரக்கப் படித்தார்: "இன்று சாமான் எதுவும் இல்லை."

"போச்சு" என்றார் மச்சான். கண் கலங்கியிருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. தாம்பூலம் மாற்றத் துடிக்கிற மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன். "நல்லா படிச்ச பொண்ணுடா" என்றார்.

கதவு திறந்தது. க.வும் அந்த அம்மாவும். மச்சான் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பொட்டலத்தையும்.

"கும்புடறேம்மா. போன் பண்ணாரே சாரு, அவர பாக்கணும். திருப்புட்குழிக்காரரு. இருமலு..."

"எந்த சார்?" என்றார் அந்த அம்மா.

நான் மாடிப்படி எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

"அவரு லீவுப்பா." க. குரல். ஒரு நூல் நடுக்கம் இல்லை. "இருமலு முத்திப்போச்சாம். ஊருக்குப் போய்க்கீறாரு. பொட்டலத்த என்கிட்ட குடு, நான் சேத்துடறேன்."

அந்த அம்மா க.வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மச்சான் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணுங்களா? கல்பனா, பதினாலாம் தேதி வந்து சேர்ந்துடுங்க. ஹாஸ்டல் விலாசம் தரச் சொல்றேன், அப்பாவை வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

மச்சான் துண்டைக் கையில் பிடித்தபடியே மாடிப்படி இறங்கினார். தெருவுக்கு வந்ததும், "என் எதுர்லயே பேரு சொல்லிக் கூப்ட்டாங்க" என்றார். பிறகு, "திருமுக்கூடலுக்கு ஆடி கயிச்சி பாக்கலாம்னு சொல்ட்றேன். அவங்களுக்கு சரிப்பட்டா வரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் மச்சான் தூங்கிவிட்டார். க. பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீயே வெச்சிக்கோ மாமா."

"ஏன்?"

"செவ்வாக்கெழம நான் எதுக்கு தொலைபேசி ஆபீசுக்குப் போனேன்னு நெனச்ச?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிப்புதான். நன்றாகப் பார்த்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வெயில் குறைவு. தேங்காய் இரண்டு, உடைத்தாயிற்று. இன்றுதான் கேபிளை ஒட்டினார்கள். பதினோரு மணிக்கு போன் நிஜமாகவே அடித்து, பாய் முதற்கொண்டு எல்லாரும் துள்ளிவிட்டோம். பந்தல் கேட்டு யாரோ.

லோடு இல்லாததால் இந்த நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, விரல் வைத்து ஒரு தரம் படித்தேன். வந்த சாமான் பார்க்கிற மாதிரி.

ஓரகத்தி சொல்லிச் சிரிக்க வைத்தது: கீது.
மூன்று அண்டா: கீது. தெரிந்தே விட்டேன் என்பதை மட்டும் யாரும் நம்பமாட்டார்கள்.
நாற்பத்து மூன்று சாமான்: மேலேயும் கீது, கீழேயும் கீது.
மச்சான் கண்ணீர்: கீது.
பதினாலாம் தேதி: கீது.
போன செவ்வாய்க்கிழமை போன்:

விரல் நிற்கிறது. வண்டியை எடுக்க முடியாது.

கேபிள் அறுந்த அந்தத் திங்கட்கிழமையே போன் லைனும் செத்துவிட்டது. ரிசீவரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அண்டா இறக்குகிற சத்தம் ஓயும்வரை அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். சார் இல்லை. வெள்ளைக்காரர் இல்லை. இருமினது நான்.